டாஃப்ட் பங்கின் ‘ஹோம்வொர்க்’: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் கம்ப்யூட்டரில் இசையமைக்கச் சொல்லிக்கொடுக்கும் சின்ன வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள்: கல்யாண வீட்டு டிஜே, திருவிழா சவுண்டு சர்வீஸ், லைட் மியூசிக் கீபோர்டு. மீதிப் பேர் காலேஜில் படிக்கும் பிள்ளைகள். ஓசூர், காவேரிப்பட்டணம், பென்னாகரம் பக்கமிருந்தும் வருகிறார்கள். சேர்ந்ததும் அவர்களிடம் முழுசாகக் கேட்டுவிட்டு வரச் சொல்வது ஒரே ஒரு ஆல்பம்தான். 1997-இல் வந்த ‘ஹோம்வொர்க்’. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சுக் குழுவின் முதல் ஆல்பம். கேட்டுவிட்டு வந்து எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால், பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

யார் இந்த டாஃப்ட் பங்க்?

இரண்டே பேர். தோமா பாங்கால்தேர், கீ-மானுவெல் தெ ஓமெம்-கிறிஸ்தோ. பாரிஸில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்; 1987-இல் பழக்கமானார்கள். முதலில் இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு ‘டார்லின்’ என்ற பெயரில் கிட்டார் பாண்டு நடத்தினார்கள். அதைக் கேட்ட ஓர் இங்கிலாந்துப் பத்திரிகை, ‘டாஃப்ட்’, ‘பங்க்’ என்ற இரண்டு சொற்களையும் போட்டு, கிறுக்குத்தனமான இரைச்சல் என்கிற மாதிரி எழுதியது. பாண்டு சீக்கிரமே கலைந்தது. திட்டாக வந்த அந்தச் சொற்களையே எடுத்து அடுத்த முயற்சிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாமவரான லோரோன் பிராங்கோவிட்ஸ் பிறகு ‘ஃபீனிக்ஸ்’ பாண்டில் சேர்ந்து அவரும் பேர் வாங்கினார். அது தனிக் கதை.

அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்காங்க. இதுல என்ன இருக்கு?

முதல் வாரமே வரும் கேள்வி இது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ பாட்டுதான் இருக்கும். ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் பாட்டு. பாடல் வரி என்று பார்த்தால் தலைப்பில் உள்ள மூன்று சொற்கள் மட்டும்தான். ஆல்பத்தில் உள்ள வடிவத்தில் அது 144 முறை வருகிறது. எண்ணிப் பார்த்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

சினிமாப் பாட்டுக் கேட்டே வளர்ந்த காது நம்முடையது. பல்லவி முடிந்தால் இடையிசை வரும், அப்புறம் சரணம் வரும், சரணத்தில் ராகமே கூட மாறும் என்று காத்திருப்போம். இந்தப் பாட்டில் அப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். வரியை விட்டுவிட்டு, எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஆரம்பத்தில் எல்லாச் சத்தமும் கல்யாண மண்டபத்துக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்று கேட்பது போல மங்கலாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறக்கும். ஃபில்டர் என்கிறோமே, அந்த ஒரே ஒரு குமிழைத் திருகுகிற வேலைதான். முழுசாகத் திறந்ததும் பேஸ், அதாவது கீழ்ச்சுரத்தில் கனமாக வரும் ஒலி, இறங்கும். பிறகு பேஸ் மட்டும் நிற்கும், குரல் போய்விடும். டிரம் ஒரு சுற்று காணாமல் போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு வாத்தியமும் வாசிப்பது எளிமையான சுற்றுதான். எதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைவேலை இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் அந்தப் பாட்டின் வீடியோவைப் பாருங்கள். மிஷேல் கோந்த்ரி இயக்கியது, நடனம் அமைத்தவர் பிளாங்கா லீ. வட்ட மேடையில் ஐந்து கூட்டம் ஆடும். குரலுக்கு ரோபோக்கள், பேஸுக்கு விளையாட்டு வீரர்கள், கீபோர்டுக்கு நீச்சல் உடைப் பெண்கள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள், டிரம் மெஷினுக்கு மம்மிகள். பேஸ் சுரம் மேலே ஏறினால் வீரர்கள் படியில் ஏறுவார்கள், இறங்கினால் இறங்குவார்கள். அரேஞ்ச்மென்ட் (எந்த வாத்தியம் எப்போது வர வேண்டும் என்ற அமைப்பு) என்றால் என்ன என்று போர்டில் படம் போட்டு விளக்குவதை விட்டுவிட்டு இப்போதெல்லாம் இந்த வீடியோவைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

இன்னொன்று. இது உட்கார்ந்து கேட்பதற்கென்று செய்த பாட்டு இல்லை. ஆடுகிறவனுக்கு அடுத்த வரி என்ன என்ற கவலை கிடையாது. தாளம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர் ஒரே அடியை எவ்வளவு நேரம் பிடித்து நிற்கிறார் என்று பாருங்கள். சாமி வந்து ஆடுகிறவர் யாரும் ‘என்னப்பா, அதையே வாசிக்கிறாய்’ என்று கேட்டதில்லை.

வீட்டிலேயே செய்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். பாரிஸில் பாங்கால்தேரின் படுக்கையறைதான் ஸ்டூடியோ. கருவிகளுக்கு இடம் பற்றாமல் கட்டிலையே வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார். ஆல்பத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் வீட்டில் செய்த வேலை என்பதால்தான்.

ஆனால் இதைக் கேட்டதும் ‘அப்போ ஸ்டூடியோவே வேண்டாம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். பதிவும், தனித்தனி ஒலிகளைச் சேர்த்து அளவு பார்க்கும் மிக்ஸிங்கும்தான் வீட்டில் நடந்தது. கடைசியில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து தட்டில் ஏற்றும் மாஸ்டரிங் வேலைக்கு லண்டன் போனார்கள். அதைச் செய்தவர் நிலேஷ் பட்டேல், அங்கே ‘தி எக்ஸ்சேஞ்ச்’ என்ற மாஸ்டரிங் ஸ்டூடியோவில் இருந்தவர். எந்த வேலையைத் தாங்களே செய்யலாம், எதற்கு விவரம் தெரிந்த கை வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகள் செய்வது நேர் தலைகீழ். மிக்ஸிங்கை யாரிடமாவது தள்ளிவிட்டு, மாஸ்டரிங்கை ஏதோ ஒரு ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டி முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம், ஆல்பம் போட வேண்டும் என்று திட்டம் போட்டு அவர்கள் உட்காரவில்லை. தனித்தனி சிங்கிள்களாகத்தான் செய்துகொண்டு போனார்கள். ஐந்து மாதத்தில் நிறையச் சேர்ந்துவிட்டதால், சேர்த்துப் போட்டால் ஆல்பமாகுமே என்று தோன்றியது. மொத்தம் 16 தடங்கள். இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம் என்ற கணக்கில் வரிசைப்படுத்தினார்கள். முதல் தடம் வீட்டில் செய்ததே இல்லை. 1995-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் மேடையில் வாசித்ததிலிருந்து எடுத்த துண்டு. கடைசித் தடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ட ஃபங்க்’ பாட்டைத்தான் பின்னிருந்து முன்னாக ஓட்டியிருக்கிறார்கள்.

என்னென்ன மெஷின்? அதெல்லாம் இப்போ வாங்க முடியுமா?

முக்கியமாக ரோலண்டு கம்பெனியின் டிஆர்-909 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் மெஷின், அதோடு சாம்ப்ளர்கள் (பதிவான ஒலித் துண்டுகளை எடுத்து வாசிக்கும் கருவிகள்). நிஜமான 303 இன்றைக்கு விற்கும் விலைக்கு நல்ல பைக் வாங்கலாம். வேண்டாம். அதே சத்தத்தைத் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, வகுப்பில் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

303-இன் கதை சுவாரசியமானது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்றுதான் 1980-களின் தொடக்கத்தில் ரோலண்டு அதைச் செய்தது. நிஜ பேஸ் கிட்டார் மாதிரி துளியும் கேட்காது. விற்கவில்லை, சில வருடத்திலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால் சிகாகோ இளைஞர்கள் கையில் சிக்கியது. குமிழ்களைக் கண்டபடி திருகினார்கள். ஹவுஸ் என்கிற கிளப் நடன இசையில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற வகையே அதில்தான் பிறந்தது. பாங்கால்தேரும் 1993-இல் ஒன்று வாங்கி, மனம்போன போக்கில் நிறைய பேஸ் சுற்றுகளைப் போட்டு வைத்திருந்தார். ‘ட ஃபங்க்’ பாட்டுக்கு பேஸ் தேவைப்பட்டபோது புதிதாக எதையும் யோசிக்கவில்லை. போட்டு வைத்திருந்ததில் பொருந்தியதை எடுத்துக்கொண்டார்கள். நான் உங்களைத் தினமும் எதையாவது போட்டுச் சேமித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மும்பையில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், இதே 303-ஐயும் 808 டிரம் மெஷினையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு 1982-இல் ஒரு இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். சிகாகோ ஆசிட் ஹவுஸுக்கே சில வருடம் முந்தியது. அப்போது இங்கே யாரும் சீந்தவில்லை. 2010-இல் நெதர்லாந்துக்காரர்கள் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தட்டை ‘ஹோம்வொர்க்’ முடித்ததும் கேளுங்கள்.

ஆல்பம் நிஜமாவே ஓடியதா, இல்லை இப்போ பெரிய ஆளானதால் பின்னாடி போய்ப் புகழ்கிறார்களா?

ஓடியது. 1997 ஜனவரி 20-இல் வெளியானது. உலகம் முழுக்க இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. பிரான்ஸ் பட்டியலில் 3-ஆம் இடம், பிரிட்டனில் 8. ‘ட ஃபங்க்’, ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ இரண்டும் அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் கிளப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. பிரிட்டன் சிங்கிள்ஸ் பட்டியலில் முறையே 7, 5. அமெரிக்காவின் பொதுவான ஆல்பப் பட்டியலில் மட்டும் பெரிதாக ஏறவில்லை. பிரெஞ்சு ஹவுஸ் இசை என்று ஒன்று இருப்பதையே வெளியுலகம் இந்த ஆல்பத்துக்குப் பிறகுதான் கவனித்தது.

பெரிய கம்பெனிக்குள் நுழைய யார் சிபாரிசு?

சிபாரிசு என்று சொல்ல முடியாது. 1993-இல் பாரிஸ் பக்கம் யூரோ டிஸ்னியில் நடந்த இரவு நடன விழாவில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த ‘ஸ்லாம்’ குழுவினரை இவர்கள் இருவரும் சந்தித்து ஒரு டெமோ கேசட்டைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் குழுவினர் ‘சோமா’ என்ற சின்ன இசைத்தட்டு லேபிளை நடத்தி வந்தார்கள். அதன் வழியாக 1994-இல் முதல் தட்டு, 1995-இல் ‘ட ஃபங்க்’. டிஜேக்கள் அதைக் கிளப்புகளில் போட்டுப் போட்டுத்தான் பெயர் பரவியது. பெரிய கம்பெனியான வெர்ஜின் 1996-இல்தான் ஒப்பந்தம் போட்டது. ஆக, ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அதிலிருந்த பாட்டுகளில் சில நடனத் தளத்தில் ஆடிச் சோதித்து முடிந்தவை. இந்த ஆல்பம் ஜெயித்ததற்கு விளம்பரத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாங்கால்தேரின் அப்பா தானியேல் வாங்கார்த், 1970-களிலும் 80-களிலும் டிஸ்கோ ஹிட்டுகள் எழுதித் தயாரித்தவர். கம்பெனிக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. நம் வீடுகளில் அது இல்லை. ‘திறமை இருந்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்?

உரிமையை விற்காதே என்பதுதான். வெர்ஜினுடன் போட்ட ஒப்பந்தத்தில் பாட்டுகளின் மூலப்பதிவு உரிமையைக் குழுவே வைத்துக்கொண்டது. கம்பெனிக்கு வெளியிடும் அனுமதி மட்டும்தான். எப்படி இருக்க வேண்டும், எந்த வீடியோ, எந்த அட்டை என்பதெல்லாம் அவர்கள் முடிவு. இருபது வயதைச் சற்றே தாண்டிய பையன்கள்!

நம் பக்கத்தில் திருவிழா ஆல்பம், காதல் ஆல்பம் செய்து யாருடைய யூடியூப் சேனலுக்கோ ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாட்டை எழுதிய, இசையமைத்த உரிமை வேறு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ பயன்படும் பாட்டுக்கு எழுத்தாளரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது. மீதியை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

பம்பை, தவிலோட இந்த மாதிரி பீட் சேருமா? நான் போட்டா இடிக்குதே?

இடிக்கத்தான் செய்யும். காரணம் நடை. ஹவுஸ் இசை சதுஸ்ர நடை: ஒவ்வொரு அடியும் நாலாகப் பிரியும், தகதிமி தகதிமி. நம் குத்து அடிகளில் பெரும்பாலானவை திஸ்ரம்: ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும், தகிட தகிட. ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ நிமிடத்துக்குச் சுமார் 121 அடி. உங்கள் பம்பைப் பதிவும் 121-ஏ இருக்கலாம். இருந்தும் ஹை-ஹாட் (டிரம்மில் ‘ச்சிக் ச்சிக்’ என்று வரும் தட்டு) நாலாகத் தட்ட, பம்பை மூன்றாக உருள, நடுவில் எல்லாம் சிதறும். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குவது இதனால்தான். வேகத்தில் கோளாறு இல்லை.

செய்ய வேண்டியது: டிரம் மெஷினில் பெரிய கிக் அடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். கிக்குக்கு நடை கிடையாது, அது வெறும் அடி. அதன்மேல் பம்பை எவ்வளவு வேண்டுமானாலும் உருளலாம். பேஸை நீளமான சுரங்களாக வையுங்கள். ஹை-ஹாட் வேண்டும் என்றால் அதையும் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். தவில்காரர் சதுஸ்ரத்தில் வாசிப்பதாக இருந்தால் பிரச்சினையே இல்லை, நேராக உட்காரும். காரிமங்கலத்திலிருந்து வரும் ஒரு மாணவர் உறுமியின் இழுப்புச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து 303 வரும் இடத்தில் வைத்தார். இரண்டுமே வழுக்கிப் போகும் ஒலி. பேஸ் மெஷினே தேவைப்படவில்லை.

ஒரு வேண்டுகோள்: பம்பைக்காரரைப் பதிவு செய்தால் காசு கொடுங்கள், பெயரைப் போடுங்கள். ‘ஹோம்வொர்க்’கில் ‘டீச்சர்ஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. தாங்கள் யாரிடமிருந்து கற்றார்கள் என்ற பெயர்ப் பட்டியலைத் தவிர அதில் வேறொன்றுமே இல்லை.

தக்காளி வீடியோ என்று ஏதோ சொன்னீர்களே?

இந்த ஆல்பத்தில் உள்ள ‘ரெவல்யூஷன் 909’ பாட்டின் வீடியோ அது. இயக்கியவர் ரோமன் கொப்போலா. இளைஞர்கள் ஆடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போலீஸ் வருகிறது. ஒரு பெண்ணை மடக்கிய போலீஸ்காரரின் சட்டையில் சிவப்பாக ஒரு கறை. உடனே கதை பின்னால் போய்விடும். தக்காளி செடியில் காய்க்கிறது, பறிக்கிறார்கள், லாரி ஏறுகிறது, கடைக்கு வருகிறது, வீட்டில் சாஸாகக் கொதிக்கிறது, அந்தப் போலீஸ்காரர் அதைச் சாப்பிடும்போது சட்டையில் சிந்துகிறது. மறுபடி பழைய இடம். அவர் குனிந்து கறையைப் பார்க்கும் நேரத்தில் அந்தப் பெண் நழுவிவிடுகிறாள்.

பாலக்கோடு மண்டியையும் ராயக்கோட்டை மண்டியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான நடன வீடியோ கிடையாது. விலை விழுந்து ரோட்டோரம் கொட்டும் காட்சி மட்டும்தான் அதில் இல்லை.

பாட்டு அன்றைய பிரான்ஸில் நடன விழாக்கள்மீது போலீஸ் காட்டிய கெடுபிடியைப் பற்றியது. 909 என்பது அந்த டிரம் மெஷினின் எண்.

ஹெல்மெட் போட்டவங்கதானே? இந்த ஆல்பத்தில் காணோமே?

அந்த ரோபோ ஹெல்மெட் 2001-இல் வந்த இரண்டாவது ஆல்பத்திலிருந்து. 1999 செப்டம்பர் 9 அன்று மெஷின் வெடித்து நாங்கள் ரோபோ ஆகிவிட்டோம் என்று ஒரு கதையும் விட்டார்கள். ‘ஹோம்வொர்க்’ காலத்திலேயே முகம் காட்டப் பிடிக்காமல் கடையில் கிடைத்த முகமூடிகளைப் போட்டுக்கொண்டுதான் படம் எடுத்தார்கள். ஆல்பத்தின் அட்டையிலும் ஆள் இல்லை: கறுப்பு சாட்டின் துணியில் தைத்த குழுவின் பெயர் மட்டும். 2021 பிப்ரவரி 22-இல் பிரிந்துவிட்டார்கள்.

தம்பி, பையன் கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரி பூரா டும் டும்னு போட்டுக்கிட்டிருக்கான். இதுல பொழைக்க முடியுமா? (பெற்றோர் கேட்பது)

அம்மா, ஆல்பம் போட்டுப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அதை நான் மறைப்பதில்லை. ஆனால் இந்த வேலை தெரிந்தால் வேறு வழிகள் உண்டு: சவுண்டு சர்வீஸ், குறும்படத்துக்கும் விளம்பரத்துக்கும் இசை, கல்யாண வீடியோ எடிட்டிங், ஓசூர்–பெங்களூரு பக்கம் நிகழ்ச்சிகளில் டிஜே. படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்பவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. ராத்திரிச் சத்தத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், வீடும் தூங்கும்.

உங்களுக்குப் பிடிக்காத பாட்டு இருக்கா?

‘ரோலின் அண்டு ஸ்கிராட்சின்’. இரும்பை அரத்தால் தேய்க்கும் சத்தம் ஏழு நிமிடம். நடனத் தளத்தில் அதற்கு ஒரு வேலை இருக்கலாம், வீட்டில் எனக்குத் தாங்காது. ‘ராக்’ன் ரோல்’ பாட்டும் அதே வகைதான். மாணவர்களில் சிலருக்கு இந்த இரண்டும்தான் உயிர். ‘ஃபீனிக்ஸ்’ (பாண்டு இல்லை, இந்த ஆல்பத்தில் உள்ள பாட்டு) முதல் ‘ஃப்ரெஷ்’ வரை போகும் பகுதியைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். ‘ஃப்ரெஷ்’ஷில் அலைச் சத்தம் வரும்.

எதில் கேட்பது, எப்படிக் கேட்பது?

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் அதில் வராது. பேஸ் இல்லாமல் இந்த ஆல்பத்தில் பாதி காணாமல் போய்விடும். சாதாரண வயர் இயர்போன் போதும். முதல் தடவை வரிசையை மாற்றாமல், ஷஃபிள் போடாமல், 16 தடங்களையும் கேளுங்கள். எழுபது நிமிடத்துக்கு மேல் ஆகும், சேலம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய முடிந்துவிடும். இரண்டாவது தடவை ‘ட ஃபங்க்’ மட்டும். அது நிமிடத்துக்கு 110 அடியை ஒட்டியே போகும், ஹவுஸுக்கு மெதுவான வேகம். அமெரிக்க ராப் கேட்டுக் கேட்டு அந்த ஊக்கத்தில் செய்த பாட்டு அது. எந்த நொடியில் எந்த ஒலி நுழைகிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். 2022-இல் வந்த 25-ஆம் ஆண்டுப் பதிப்பில் கூடவே ரீமிக்ஸ்களும் இருக்கும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய பாக்ஸில் போட்டுத்தான் கேட்பேன் என்றால் இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. வருகிற போலீஸ்காரர் சட்டையில் தக்காளிக் கறை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.